அட்டையில் தோட்டம், பிழைப்பு கிள்ளானில்: என் ஓட்டு எங்கே?

கேள்வி: எனக்கு 24 வயது. கிள்ளானில் வேலை செய்கிறேன். அடையாள அட்டையில் இன்னும் பேராக்கில் பாகான் டத்தோ பக்கத்துத் தோட்ட முகவரிதான் இருக்கிறது. தொழிலாளர்களுக்கான அந்த லயத்து வீடே இப்போது இல்லை. 2022 பொதுத் தேர்தலில் ஓட்டுப் போடப் போகவில்லை. "இந்தியர்களான நாம் மலேசியாவில் ஏழு விழுக்காடுகூட இல்லை, எந்த நாடாளுமன்றத் தொகுதியிலும் பெரும்பான்மை இல்லை, போய் என்ன ஆகப்போகிறது?" என்கிறார் அண்ணன். அடுத்த தேர்தலுக்கு நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: முதலில் முகவரியைச் சரிசெய்வோம், அண்ணனுக்கு அப்புறம் பதில் சொல்லலாம்.

நீங்கள் பதிவு செய்யாவிட்டாலும் உங்கள் பெயர் வாக்காளர் பட்டியலில் இருக்கும். 2021 டிசம்பர் 15 முதல் 18 வயதான எல்லாக் குடிமக்களும் தாமாகவே பட்டியலில் சேர்க்கப்படுகிறார்கள். ஆனால் அட்டையில் உள்ள முகவரிப்படிதான் தொகுதி அமையும். அதனால் இப்போது இல்லாமல் போன அந்த லயத்து வீட்டின் முகவரியில்தான் உங்கள் பெயர் இருக்கிறது. நம்மவர்களைப் பற்றி "ஓட்டுப் போட அக்கறை இல்லாதவர்கள்" என்று சொல்லும்போதெல்லாம் எனக்கு மனது வலிக்கும். தோட்டம் துண்டாடப்பட்டு நகரத்துக்கு வந்தவர்களில் எத்தனையோ பேர் அட்டையை மாற்றவே இல்லை. தேர்தல் நாளில் பல மணி நேரம் பஸ் ஏறிப் போக வேண்டியவரை அக்கறையில்லாதவர் என்று எப்படிச் சொல்வது?

மாற்றுவதற்கு இரண்டு படிகள் உண்டு. ஒன்று, தேசியப் பதிவு இலாகாவில் மைகார்டு எனும் அடையாள அட்டையின் முகவரியை மாற்றுவது. என்ன ஆதாரம் வேண்டும் என்று முன்பே கேட்டுக்கொண்டு போனால் இரண்டு முறை அலைய வேண்டாம். பலர் இதோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். அட்டை மாறினால் தொகுதி தானாக மாறாது. அதனால் இரண்டாவதாக, தேர்தல் ஆணையத்தின் மைஎஸ்பிஆர் தளத்தில் வாக்களிக்கும் இடத்தை மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். சில வாரங்கள் கழித்து அதே ஆணையத்தின் சரிபார்ப்புப் பக்கத்தில் அட்டை எண்ணைப் போட்டு, கிள்ளான் முகவரிக்குரிய தொகுதி வந்துவிட்டதா என்று பாருங்கள். நாடாளுமன்றம் கலைந்த பிறகு ஓடினால் அந்தத் தேர்தலுக்கு உதவாது. அடுத்த பொதுத் தேர்தல் 2028 தொடக்கத்துக்குள் நடந்தாக வேண்டும். முன்பே வந்தாலும் வரும். அப்புறம், கிள்ளான் இருக்கும் சிலாங்கூர் மாநிலத்தின் சட்டமன்றத்துக்கும் உங்களுக்கு ஓட்டு உண்டு. 2023 ஆகஸ்டில் அது பொதுத் தேர்தலோடு சேராமல் தனியாக நடந்தது. அதன் அடுத்த தேதியையும் கவனித்துக்கொள்ளுங்கள்.

இனி அண்ணனின் கணக்கு. எந்த நாடாளுமன்றத் தொகுதியிலும் நாம் பெரும்பான்மை இல்லை என்பது உண்மைதான். ஆனால் உங்கள் பழைய தொகுதியையே பாருங்கள். 2022-இல் பாகான் டத்தோவில் வெற்றி வித்தியாசம் 348 ஓட்டு. வென்றவர் துணைப் பிரதமரானார். கேமரன் மலையில் 2013-இல் வித்தியாசம் 462. இந்த எண்கள் ஒரு பெரிய தோட்டத்தின் வாக்காளர் அளவுதான். பெரும்பான்மை இல்லாத சமூகம் நெருங்கிய போட்டியில் தராசை எந்தப் பக்கமும் சாய்க்கலாம். வீட்டிலேயே இருந்துவிட்டால் அந்த எடை தராசில் ஏறுவதே இல்லை.

வெளியே அதிகம் பேசப்படாத ஒன்றும் உண்டு. ஒவ்வொரு வாக்களிப்பு மையத்திலும் வாக்காளர்களைச் சாலுரான் எனும் வாக்களிப்பு வரிசைகளாகப் பிரிக்கும்போது வயதைப் பார்ப்பார்கள். மூத்தவர்கள் முதல் சாலுரானில், இளையவர்கள் கடைசியில். எண்ணிக்கையும் சாலுரான் வாரியாகத்தான் பதிவாகிறது. அதன் நகல் கட்சி முகவர்களிடம் போகிறது. நீங்கள் யாருக்குப் போட்டீர்கள் என்பது ரகசியம். ஆனால் எந்தத் தமிழ்ப்பள்ளி மையத்தில், எந்த வயதுக்காரர்கள் எத்தனை பேர் வந்தார்கள் என்பது கட்சிகளுக்குத் தெரியும். அடுத்த முறை எங்கே உழைப்பது, யாருடைய குறையைக் கேட்பது என்று முடிவு செய்யும்போது அந்தத் தாள்தான் மேசையில் இருக்கும். இளைஞர் சாலுரான் பாதி காலியாக இருந்தால் அங்கே யாரைத் தேடி வருவார்கள்?

கோபத்தில் போகாமல் இருப்பவர்களும் உண்டு. 2024-இல் கோல குபு பாரு இடைத்தேர்தலின்போது இந்திய வாக்காளர்கள் புறக்கணிக்க வேண்டும் என்ற குரல்கள் எழுந்தன. அந்தக் கோபத்துக்குக் காரணம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் கோபத்தில் வராதவரையும் தூங்கிவிட்டு வராதவரையும் அந்தத் தாள் பிரித்துக் காட்டாது. எந்த வேட்பாளரும் பிடிக்கவில்லையென்றால் செல்லாத ஓட்டாவது போடுங்கள். அது தனியாக எண்ணப்படுகிறது.

"நெருங்கிய போட்டி உள்ள தொகுதி, பெயரை அங்கேயே வைத்துக்கொள்" என்று சிலர் சொல்லக்கூடும். எனக்கு அது சரியாகப் படவில்லை. குடிமாறினால் அட்டையில் முகவரியை மாற்றுவது சட்டக் கடமை. அதோடு, உங்கள் வீட்டுக்கு முன்னால் அடைத்துக் கிடக்கும் சாக்கடைக்கு யாரைக் கேட்பது? கிள்ளான் உறுப்பினரைத்தானே.

வேலை நாளில் தேர்தல் வந்தாலும் பயம் வேண்டாம். 1954 தேர்தல் குற்றச் சட்டத்தின் 25ஆம் பிரிவுப்படி, முதலாளி வாக்களிக்கப் போதிய நேரம் தர வேண்டும். அதற்காகச் சம்பளம் பிடிக்கக்கூடாது. முதல் நாளே மேலாளரிடம் சொல்லிவையுங்கள்.

வீட்டில், குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகளுக்கான சிவப்பு அடையாள அட்டையோடு பாட்டியோ பெரியப்பாவோ இருக்கிறார்களா? இந்த மண்ணிலேயே ரப்பர் பால் வெட்டி வாழ்ந்தும் ஒரு முறைகூட ஓட்டுப் போட முடியாதவர்கள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். அண்ணன் அடுத்த முறை "போய் என்ன ஆகப்போகிறது" என்றால், அவர்களில் ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது அதைச் சொல்லச் சொல்லுங்கள். அண்ணனுடைய அட்டையிலும் பழைய முகவரிதான் இருக்கும் என்று நினைக்கிறேன். பதிவு இலாகாவுக்குப் போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.