பூட்டினோம் சரி, இழுத்துப் பார்த்தோமா?

தகவல் பாதுகாப்பு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எங்கள் உபுண்டு சர்வர் கிளவுடில் ஓடுகிறது. எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து சர்வரில் நுழையும் வழி) அமைப்புக் கோப்பில் பாஸ்வேர்டு நுழைவை 'நோ' என்று மாற்றி, சேவையை ரீஸ்டார்ட்டும் செய்துவிட்டேன். ஆனாலும் பாஸ்வேர்டு கேட்கிறது. போட்டால் உள்ளேயும் விடுகிறது. எங்கே தவறு?
(லினக்ஸ் நிர்வாகி, கோயம்புத்தூர்)

பதில்: நீங்கள் மாற்றிய வரி சரிதான். அதற்கு முன்னால் வேறொரு கோப்பு முந்திக்கொள்கிறது. எஸ்எஸ்எச் சர்வரின் முதன்மைக் கோப்பைத் திறந்து மேலே பாருங்கள்: 'இன்க்ளூட்' என்று தொடங்கும் ஒரு வரி இருக்கும். பக்கத்து அடைவில் உள்ள குட்டிக் கோப்புகளை எல்லாம் முதலில் படிக்கச் சொல்லும் வரி அது. கிளவுட் இமேஜ்களில் அந்த அடைவுக்குள் 50 என்ற எண்ணில் தொடங்கும் கிளவுட்-இனிட் (கிளவுட் மெஷினைத் தொடக்கத்தில் அமைத்துத் தரும் நிரல்) கோப்பு ஒன்று இருக்கும். பாஸ்வேர்டுக்கு 'யெஸ்' என்று அது சொல்லியிருக்கும். எஸ்எஸ்எச்சில் முதலில் படித்த மதிப்புதான் செல்லும். பின்னால் வருவது முன்னதை அழிக்கும் என்று மற்ற மென்பொருள்களில் பழகியவர்கள் எல்லோரும் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள்.

50-ஆம் எண் கோப்பைத் திருத்த வேண்டாம். கிளவுட்-இனிட் அதை மறுபடி எழுதிவிடலாம். அதே அடைவில் 10 என்று தொடங்கும் புதுக் கோப்பு போட்டு அதில் 'நோ' எழுதுங்கள். சேவையைத் தொடுவதற்கு முன் இரண்டு சோதனைகள் உண்டு. சர்வர் கட்டளைக்குப் (sshd) பின் சின்ன எழுத்து 'டி' (-t) போட்டால் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று சொல்லும். கேபிடல் 'டி' (-T) போட்டால் எல்லாக் கோப்பையும் படித்து முடித்தபின் எது செல்லுபடியாகிறது என்று பட்டியல் போடும். நம்ப வேண்டியது அந்தப் பட்டியலைத்தான். அதில் 'கீபோர்டு இன்டராக்டிவ்' என்ற வரியும் 'நோ' என்று இருக்கிறதா பாருங்கள். அது 'யெஸ்' ஆக இருந்தால் முன்வாசலை அடைத்துப் பின்வாசலைத் திறந்து வைத்த கதைதான். பாம் (PAM, லினக்ஸின் அடையாளச் சோதனை அடுக்கு) வழியாகப் பாஸ்வேர்டு கேட்கும்.

திறந்திருக்கும் இணைப்பை மூடாமல் புது ஜன்னலில் நுழைந்து பாருங்கள். கீயை (பாஸ்வேர்டுக்குப் பதில் நுழைய உதவும் சாவிக் கோப்பை) வேண்டுமென்றே தவிர்த்துவிட்டு முயன்றால் 'அனுமதி இல்லை' என்று சொல்லி, அடைப்புக்குள் 'பப்ளிக் கீ' என்று மட்டும் காட்ட வேண்டும். கூடவே 'பாஸ்வேர்டு' என்ற சொல்லும் வந்தால் வேலை முடியவில்லை என்று அர்த்தம். அதே சமயம் கீயோடு நுழையவும் முடிய வேண்டும். முடியாவிட்டால் ஹோம் அடைவின் அனுமதியைப் பாருங்கள்: எப்போதோ ஒரு சிக்கலுக்காக யாராவது 777 கொடுத்திருந்தால், பிறர் எழுதக்கூடிய அடைவில் உள்ள கீயை எஸ்எஸ்எச் ஏற்காது. உங்கள் கணினியில் உள்ள தனிக் கீக்கு 600 (உரிமையாளர் மட்டும் படிக்கவும் எழுதவும்) அனுமதி வேண்டும்.

இதற்குப் பிறகும் லாகில் (நிகழ்வுப் பதிவில்) தெரியாத பெயர்களில் தோல்வி முயற்சிகள் நிரம்பி வழியும். அவை இணையம் முழுக்கத் தட்டிப் பார்க்கும் பாட்கள் எனும் தானியங்கி நிரல்கள். திரும்பத் திரும்பத் தோற்கும் முகவரிகளைத் தடுக்கும் ஃபெயில்2பேன் போட்டால் இரைச்சல் குறையும், அவ்வளவுதான். லாகில் நீங்கள் தேட வேண்டியது பாஸ்வேர்டு ஏற்கப்பட்டதாகச் சொல்லும் வரியை. மாற்றம் செய்த நேரத்துக்குப் பின் அப்படி ஒன்றுகூட இருக்கக் கூடாது.

கேள்வி: பாதுகாப்புக் குறைகளைத் தேடும் ஸ்கேனரின் அறிக்கையில் நானூற்றுச் சொச்சம் குறைகள். அதில் பாதி 'கிரிட்டிகல்'. எல்லாப் பேட்சும் போட்டபின்னும் ஓபன்எஸ்எஸ்எச் பழசு என்கிறது. எங்கிருந்து தொடங்குவது?
(சிஸ்டம் இன்ஜினீயர், சென்னை)

பதில்: ஓபன்எஸ்எஸ்எச் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். உபுண்டு, டெபியன், ரெட் ஹாட் எல்லாம் நீண்டகாலப் பதிப்புகளில் மென்பொருளின் பதிப்பு எண்ணை மாற்றாமல் திருத்தத்தை மட்டும் பழைய பதிப்புக்குள் வைத்துத் தைத்துவிடுவார்கள். உபுண்டு 22.04-இல் 8.9பி1 என்பது அப்படியே நிற்கும். அதன் வாலில் உள்ள எண்தான் ஏறும். வெளியிலிருந்து பார்க்கும் ஸ்கேனர் முன்பகுதியை மட்டும் படித்துவிட்டுக் கத்துகிறது. 2024 ஜூலையில் வந்த சிவிஇ-2024-6387 (சிவிஇ என்பது குறைகளுக்குத் தரும் பொது அடையாள எண்) இதற்கு நல்ல எடுத்துக்காட்டு: 8.5பி1 முதல் 9.8பி1-க்கு முன்புவரை பாதிப்பு என்று அறிவித்தார்கள். உபுண்டுவின் 8.9பி1 அந்த வரம்புக்குள் இருந்தாலும், வால் எண் ஏறிய பேக்கேஜில் ஓட்டை அடைபட்டுவிட்டது. பேக்கேஜின் மாற்றப் பதிவைத் திறந்து சிவிஇ எண்ணைத் தேடுங்கள்; இருந்தால் அந்த வரியை நகலெடுத்து அறிக்கையில் ஒட்டி 'தவறான எச்சரிக்கை' என்று மூடிவிடலாம். ஸ்கேனருக்கு ஒரு கணக்கு கொடுத்து உள்ளே நுழைந்து ஸ்கேன் செய்யவிட்டால் இவற்றில் பெரும்பகுதி தானாகவே உதிர்ந்துவிடும்.

மீதியை வரிசைப்படுத்தும்போது சிவிஎஸ்எஸ் மதிப்பெண்ணை மட்டும் வைத்துக்கொண்டு இறங்காதீர்கள். குறை எவ்வளவு கொடியது என்றுதான் அது சொல்லும்; யாராவது அதைப் பயன்படுத்துகிறார்களா என்று சொல்லாது. அமெரிக்க அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான சிசா 2021 நவம்பர் முதல் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. உண்மையிலேயே தாக்குதலுக்குப் பயன்பட்டதாக உறுதியான குறைகள் மட்டும் அதில் ஏறும். பெயர் கேஇவி, இலவசம். உங்கள் நானூறையும் அதோடு ஒப்பிடுங்கள். இரண்டு பட்டியலிலும் இடம்பெற்று, இணையத்துக்கு நேராகத் திறந்தும் இருப்பவை இன்றைய வேலை. அடுத்தது இபிஎஸ்எஸ்: வரும் 30 நாளில் இந்தக் குறை தாக்கப்படும் வாய்ப்பு எவ்வளவு என்ற கணிப்பு. அதில் மேலே உள்ளவை இந்த வார வேலை. உள் நெட்வொர்க்கில் ஒரு மூலையில் கிடக்கும் 9.8 மதிப்பெண் குறையை விட, வெளியே நிற்கும் விபிஎன் பெட்டியில் உள்ள 7.5 அவசரம்.

ஸ்கேனர் காட்டாதவை இரண்டு. ஒன்று, ஓபன்எஸ்எஸ்எல் போன்ற நூலகத்தை (பல செயலிகள் பகிரும் நிரல் தொகுப்பை) புதுப்பித்தாலும் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் சேவை பழைய பிரதியையே நினைவகத்தில் பிடித்துக்கொண்டிருக்கும். உபுண்டுவில் நீட்ரீஸ்டார்ட் கருவி அவற்றைப் பட்டியல் போடும். ரீஸ்டார்ட் செய்யும்வரை பேட்ச் போட்டதாகக் கணக்கில்லை. இரண்டு, ஜாவா செயலிக்குள் பொதிந்து வந்த நூலகங்கள். 2021 டிசம்பரில் லாக்4ஜே நூலகத்தின் லாக்4ஷெல் குறை வெளிவந்தபோது பலர் தவறவிட்டது இதைத்தான். பேக்கேஜ் பட்டியலில் லாக்4ஜே இருக்காது. ஜார் (ஜாவா தொகுப்பு) கோப்புக்குள் இன்னொரு ஜார், அதற்குள் அது ஒளிந்திருக்கும். ட்ரிவி போலக் கோப்புக்குள் நுழைந்து பார்க்கும் கருவி இதற்கு வேண்டும்.

கேள்வி: ஏடபிள்யூஎஸ் (அமேசான் கிளவுட்) அக்செஸ் கீயை கிட்ஹப்பின் பொது ரெப்போவில் (யாரும் பார்க்கக்கூடிய நிரல் களஞ்சியத்தில்) தவறுதலாக ஏற்றிவிட்டேன். ஐந்தே நிமிடத்தில் அடுத்த கமிட்டில் (மாற்றப் பதிவில்) நீக்கிவிட்டேன். போதுமா?
(டெவலப்பர், திருச்சி)

பதில்: போதாது. அடுத்த கமிட்டில் நீக்கினால் இன்றைய பக்கத்தில்தான் இல்லை. நேற்றைய பக்கத்தில் அப்படியே இருக்கிறது. பொது ரெப்போக்களை நிமிடத்துக்கு நிமிடம் துழாவும் பாட்களுக்கு ஐந்து நிமிடம் தாராளம்.

கிட்டை அப்புறம் சுத்தம் செய்யலாம், முதலில் கீயை முடக்குங்கள். ஒரு ஐஏஎம் (ஏடபிள்யூஎஸ்ஸின் பயனர், அனுமதி நிர்வாகம்) பயனருக்கு இரண்டு கீ வரை வைத்துக்கொள்ளலாம் என்பதால், புதுக் கீ எடுத்துச் செயலியில் மாற்றுவது எளிது. ஆனால் வெளியே போன கீ என்றால் செயலி சற்று நேரம் நின்றாலும் பரவாயில்லை, பழையதை உடனே 'இன்ஆக்டிவ்' ஆக்குங்கள். பிறகு ஏடபிள்யூஎஸ்ஸின் செயல் பதிவேடான கிளவுட்ட்ரெயிலில் அந்தக் கீயின் பெயரில் என்னென்ன நடந்தது என்று தேடுங்கள். தனியாக எதுவும் அமைக்காவிட்டாலும் கடைசி 90 நாள் வரலாறு இருக்கும். அது ரீஜன் (டேட்டா சென்டர் வட்டாரம்) வாரியாகக் காட்டும் என்பதை மறக்க வேண்டாம். நீங்கள் மும்பையை மட்டும் பயன்படுத்தலாம். கிரிப்டோ தோண்ட வந்தவன் நீங்கள் எட்டிக்கூடப் பார்க்காத ரீஜனில் மெஷின் எழுப்பியிருப்பான். புதிதாக ஐஏஎம் பயனரோ ரோலோ முளைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். கீயை முடக்கியபின்னும் அவன் திரும்பி வரும் வழி அதுதான்.

இதெல்லாம் ஆனபின் ஃபில்டர்-ரெப்போ கருவி கொண்டு கிட் வரலாற்றைத் திருத்தலாம். அதற்குள் யாராவது ஃபோர்க் செய்திருந்தால் அந்தப் பிரதி உங்கள் கையில் இல்லை. இனிமேலுக்கு, கீ போன்ற ரகசியங்களைக் கண்டுபிடிக்கும் கிட்லீக்ஸ் கருவியைக் கமிட்டுக்கு முன் ஓடும்படி மாட்டுங்கள். கிட்இக்னோரில் (கிட் தவிர்க்க வேண்டியவற்றின் பட்டியலில்) கோப்பின் பெயரை எழுதியும் ஏறிவிட்டதே என்று சிலர் கேட்பார்கள்: ஒருமுறை கிட்டுக்குள் வந்துவிட்ட கோப்பை கிட்இக்னோர் தடுக்காது.

கேள்வி: ஐந்து வருடமாக மேனுவல் டெஸ்டிங். பாதுகாப்புத் துறைக்கு மாற வேண்டும். சிஐஎஸ்எஸ்பி சான்றிதழ்த் தேர்வு எழுதலாமா, ஓஎஸ்சிபியா?
(டெஸ்டர், பெங்களூரு)

பதில்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். சிஐஎஸ்எஸ்பிக்கு எட்டுப் பிரிவுகளில் குறைந்தது இரண்டில் சம்பளத்துக்குச் செய்த ஐந்தாண்டு அனுபவம் கேட்கிறார்கள். பட்டப்படிப்புக்கு ஓராண்டு கழிவு கிடைக்கலாம். அனுபவம் இல்லாமல் தேர்ச்சி பெற்றால் 'அசோசியேட்' என்றுதான் போட்டுக்கொள்ள முடியும். அனுபவத்தைச் சேர்க்க ஆறாண்டு தவணை. ஓஎஸ்சிபி வேறு வகை: 23 மணி 45 நிமிடம் உண்மையான கணினிகளைத் தாக்க வேண்டும், அடுத்த 24 மணி நேரத்தில் அறிக்கை அனுப்ப வேண்டும், 100-க்கு 70 தேர்ச்சி. கணினியைப் பிடித்துவிட்டு ஸ்கிரீன்ஷாட் எடுக்க மறந்து மதிப்பெண்ணை இழப்பவர்கள் அதில் உண்டு.

டெஸ்டரின் கையில் ஏற்கெனவே ஒரு பலம் இருக்கிறது: செயலி எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று தெரியும். வலைச் செயலிப் பாதுகாப்புக்கான ஓவாஸ்ப் அமைப்பு 2021-இல் வெளியிட்ட பத்துக் குறைகளில் முதலிடம் அனுமதிக் கட்டுப்பாட்டுக் குறைபாட்டுக்கு. தானியங்கி ஸ்கேனருக்கு அது பிடிபடுவது அரிது, ஏனென்றால் யார் எதைப் பார்க்கலாம் என்று அதற்குத் தெரியாது. டெஸ்டருக்குத் தெரியும்.

செய்து பாருங்கள். சோதனைச் சூழலில் இரண்டு கணக்கு தொடங்குங்கள். கோரிக்கைகளை இடைமறித்துக் காட்டும் பர்ப் சூட்டின் இலவசப் பதிப்பை பிரவுசருக்கும் சர்வருக்கும் நடுவில் நிறுத்துங்கள். முதல் கணக்கில் நுழைந்து ஒரு பில்லைத் திறந்தால், பில் எண் 1041 என்று கோரிக்கையில் போவது தெரியும். அதை பர்ப்பின் மறுஅனுப்பல் பகுதியான ரிப்பீட்டருக்கு அனுப்பி, குக்கியை (நுழைந்தவர் யார் என்று காட்டும் அடையாளத்தை) மட்டும் இரண்டாவது கணக்கின் குக்கியாக மாற்றி மறுபடி அனுப்புங்கள். 403 (அனுமதி மறுப்பு) வந்தால் சரி. 200 (கோரிக்கை வெற்றி) வந்தால் உடனே குதிக்காதீர்கள். உள்ளே வந்தது என்னவென்று படியுங்கள். 'அனுமதி இல்லை' என்ற பக்கத்தையே 200 போட்டு அனுப்பும் செயலிகள் நிறைய. முதல் ஆளின் பெயரும் தொகையும் உள்ளே இருந்தால்தான் அது குறை. பார்ப்பதோடு நிறுத்தாமல் திருத்தவும் நீக்கவும் முயன்று பாருங்கள். பார்க்கும் வழியைப் பூட்டிவிட்டு நீக்கும் வழியை மறப்பது சகஜம்.

போர்ட்ஸ்விகரின் வெப் செக்யூரிட்டி அகாடமி இலவசம். பாடத்தோடு பயிற்சிக் கூடமும் உண்டு. அங்கே அனுமதிக் கட்டுப்பாடு, பிறகு தரவுத்தளத்துக்குள் கட்டளை நுழைக்கும் எஸ்க்யூஎல் இன்ஜெக்‌ஷன், பிறகு பக்கத்துக்குள் ஸ்கிரிப்ட் நுழைக்கும் எக்ஸ்எஸ்எஸ் என்று போங்கள். வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவருக்கு ஞாயிறு எட்டு மணி நேரம் உட்காருவதை விடத் தினம் முக்கால் மணி நேரம் ஒட்டும். பழைய கேள்விகளை விற்கும் 'டம்ப்' பக்கம் மட்டும் போக வேண்டாம். பிடிபட்டால் சான்றிதழும் போகும், நேர்முகத்தின் இரண்டாவது கேள்வியில் வேலையும் போகும்.

கேள்வி: 8 ஜிபி லேப்டாப்பில் பயிற்சிக் கூடம் அமைக்க முடியுமா? அலுவலக நெட்வொர்க்கில் என்மேப் (எந்த போர்ட் திறந்திருக்கிறது என்று தேடும் கருவி) ஓட்டிப் பழகலாமா?
(நெட்வொர்க் டெக்னீஷியன், சேலம்)

பதில்: முடியும். கணினிக்குள் கணினி ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸில், சோதனைக் கருவிகள் கொண்ட காளி லினக்ஸுக்கு 2 ஜிபி, பயிற்சி இலக்கான மெட்டாஸ்ப்ளாய்டபிள் 2-க்கு 512 எம்பி போதும். பின்னது விஎம்வேர் வட்டாக வரும். புது மெஷின் உருவாக்கி அந்த வட்டை மாட்டிக்கொள்ளுங்கள். அதை 'ஹோஸ்ட்-ஒன்லி' (உங்கள் லேப்டாப்புக்குள் மட்டும் இயங்கும்) நெட்வொர்க்கில் மட்டும் வையுங்கள், 'பிரிட்ஜ்டு'-இல் வைக்காதீர்கள். ஓட்டைகளோடே செய்த மெஷின் அது; பிரிட்ஜ்டில் போட்டால் ஒரே வைஃபையில் இருக்கும் யாரும் அதைத் தொடலாம். காளிக்கு மட்டும் இரண்டு அடாப்டர்: புதுப்பிக்க இணையம் தரும் நாட், பயிற்சிக்கு ஹோஸ்ட்-ஒன்லி. ஓட்டைகளோடு செய்த பயிற்சி வலைத்தளமான ஜூஸ் ஷாப்பை டாக்கரில் ஓட்டினால் 3000 போர்ட்டை 127.0.0.1-இல் (உங்கள் கணினிக்கு மட்டும் தெரியும் முகவரியில்) கட்டுங்கள். யுஎஃப்டபிள்யூ ஃபயர்வால் தடுத்துவிடும் என்று நம்ப வேண்டாம். டாக்கர் தன் விதிகளை நேராக ஐபிடேபிள்ஸில் எழுதி அதைத் தாண்டிப் போய்விடும்.

அலுவலகத்தில் எழுத்து அனுமதி இல்லாமல் கூடாது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 43, 66 பிரிவுகள் உரிமையாளரின் அனுமதி இல்லாத நுழைவைத்தான் பிடிக்கின்றன. மூன்றாண்டு வரை சிறை, ஐந்து லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். அனுமதிக் கடிதத்தில் எந்த ஐபி வரம்பு, எந்தத் தேதி, எத்தனை மணி முதல் எத்தனை வரை, ஏதாவது நின்றுபோனால் யாரை அழைப்பது என்று இருக்கட்டும். பழைய பிரிண்டர்கள் ஸ்கேன் பட்டதும் காகிதம் காகிதமாகக் கக்கும். அழைப்பு வரத்தான் செய்யும்.

கேள்வி: செர்ட்-இன் (இந்திய அரசின் கணினிப் பாதுகாப்புச் சம்பவ அமைப்பு) உத்தரவுப்படி லாகை 180 நாள் வைக்க வேண்டுமாமே, உபுண்டு தானாகவே வைக்கிறதா?
(சிறு நிறுவன ஐடி பொறுப்பாளர், மதுரை)

பதில்: இல்லை. 2022 ஏப்ரல் 28 உத்தரவு 180 நாள் லாக், சம்பவம் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் அறிக்கை, கடிகார ஒத்திசைவு மூன்றையும் கேட்கிறது. உபுண்டுவின் லாகைச் சுழற்சி முறையில் வைக்கும் ஆர்சிஸ்லாக் லாக்ரொட்டேட் அமைப்போ வாரம் ஒன்றாக நான்கை வைத்துக்கொண்டு பழையதை அழித்துவிடும். நான்கை 26 ஆக்குங்கள். அதற்கு முன் ஒரு வாரக் கோப்பின் அளவைப் பார்த்து 26-ஆல் பெருக்கி வட்டில் இடம் இருக்கிறதா என்று கணக்குப் போடுங்கள். லாக் நிரம்பி சர்வர் நிற்பது கேலிக்கூத்து. உள்ளே வந்தவன் முதலில் அழிப்பது அதே கணினியின் லாகைத்தான், ஆகவே வேறு மெஷினுக்கும் ஒரு பிரதி போகட்டும்.

கேள்வி: ஆதன்டிகேட்டர் ஆப் தரும் எண்ணை எங்கள் செயலி மட்டும் தவறு என்கிறது. மற்ற தளங்களில் அதே ஆப் வேலை செய்கிறது.
(டெவலப்பர், ஈரோடு)

பதில்: உங்கள் சர்வர் கடிகாரம் தள்ளிப் போயிருக்கிறது. அந்த ஆறு இலக்கம் 30 விநாடிக்கு ஒருமுறை நேரத்தை வைத்துக் கணக்கிடப்படுவது. கடிகாரத்தை ஒத்திசைக்கும் என்டிபி ஓடுகிறதா பாருங்கள். அனுமதிக்கும் இடைவெளியை ஐந்து நிமிடமாக நீட்டித் தீர்க்க வேண்டாம். முன்னும் பின்னும் ஒரு படி (30 விநாடி) போதும்.

கேள்வி: என்மேப்பில் யுடிபி போர்ட் முழுவதும் ஸ்கேன் போட்டேன், ஒரு ராத்திரி தாண்டியும் முடியவில்லை.
(வாசகர், திருநெல்வேலி)

பதில்: முடியாது. மூடிய யுடிபி போர்ட்டுக்கு லினக்ஸ் விநாடிக்கு ஒரு பதில்தான் அனுப்பும். 65,536 போர்ட்டுக்கு 18 மணி நேரத்துக்கும் மேல். 53, 123, 161 உள்ளிட்ட பரவலான நூறு போர்ட்டை மட்டும் கேளுங்கள். 'திறந்தது அல்லது வடிகட்டப்பட்டது' என்று வந்தால் பதிலே வரவில்லை என்று பொருள். அவற்றுக்கு மட்டும் பதிப்பு கண்டறியும் சோதனையைத் தனியாக ஓட்டுங்கள்.