உடுத்துவதை யார் முடிவு செய்வது? – வாசகியர் கேள்வி பதில்

கேள்வி: எனக்கு வயது 52. கணவர் காலமாகி ஓராண்டு கடந்துவிட்டது. அன்றிலிருந்து வெள்ளை, வெளிர் நிறச் சேலைகளையே உடுத்தி வருகிறேன், பொட்டும் வைப்பதில்லை. தை மாதம் நடக்கவிருக்கும் தம்பி மகளின் திருமணத்துக்காக என் மகள் அரக்குக் கரை போட்ட மாம்பழ நிறப் பட்டுச்சேலை ஒன்றை எடுத்து வந்து, இதைத்தான் உடுத்த வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறாள். நாத்தனாரோ, "காலம் மாறிவிட்டது, நிறச் சேலை உடுத்தலாம், ஆனால் பட்டு வேண்டாம், கரையும் கண்ணில் அடிக்க வேண்டாம்" என்கிறார். நான் என்ன செய்யட்டும்?
– ஒரு வாசகி, தக்கலை

பதில்: அன்புச் சகோதரி, மகள் வற்புறுத்துவதும் நாத்தனார் அனுமதிப்பதும் உங்கள் கடிதத்தில் தெளிவாக இருக்கின்றன, உங்கள் விருப்பம் என்ன என்பது மட்டும் ஒரு வரியிலும் இல்லை.

உடுத்தலாம், ஆனால் இப்படி உடுத்தக் கூடாது என்று பெண்களுக்குச் சொல்வது நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்குப் புதிதல்ல. மேலாடை அணியும் உரிமைக்காக இங்குள்ள நாடார் பெண்கள் பல பத்தாண்டுகள் அடியும் அவமானமும் பட்ட பிறகே, 1859 ஜூலை 26 அன்று திருவிதாங்கூர் மன்னர் உத்திரம் திருநாள் அதற்கு இசைந்து அறிவிப்பு வெளியிட்டார். அதிலும் ஒரு நிபந்தனை இருந்தது. குப்பாயம் என்ற ரவிக்கை அணியலாம், மீனவப் பெண்களைப் போல முரட்டுத் துணியால் மார்பை மூடிக்கொள்ளலாம். உயர்சாதிப் பெண்கள் உடுத்தும் முறையில் மட்டும் உடுத்தக் கூடாது. உங்கள் நாத்தனாரின் பேச்சை அந்தக் கொடுமையோடு சேர்த்து வைக்க நான் வரவில்லை. அவர் உங்கள் மீதுள்ள அக்கறையால், ஊர் வாய்க்கு அஞ்சிச் சொல்லியிருக்கலாம். ஆயினும் உங்கள் சேலையின் கரை எவ்வளவு மின்னலாம் என்று அளந்து சொல்லும் வேலையை அவரிடம் யாரும் ஒப்படைக்கவில்லை.

மகளின் அன்பும் இந்த விஷயத்தில் கட்டளையாகவே இருக்கிறது. தாயைப் பழைய நிறத்தில் பார்க்க வேண்டும் என்ற அவளுடைய ஏக்கம் புரிகிறது. அதற்காக உங்கள் துக்கம் அவளுடைய நாட்காட்டிப்படி முடிய வேண்டியதில்லை. வெள்ளை மனத்துக்கு ஆறுதலாக இருந்தால் அதையே தொடருங்கள். விளவங்கோடு, கல்குளம் பக்கத்தில் ஓணத்துக்குக் கசவுக் கரை (பொன் சரிகைக் கரை) போட்ட வெள்ளை முண்டும் மேலே போர்த்தும் நேரியலும் உடுத்திக் கோயிலுக்குச் செல்லும் சுமங்கலிகளைப் பார்த்தே வளர்ந்திருப்பீர்கள். வெள்ளைக்கு ஒரே பொருள்தான் என்று யாராவது சொன்னால் அவர் நம் ஊர்க்காரராக இருக்க முடியாது.

நிறம் உடுத்த உள்ளூர ஆசை இருக்குமானால், அதை முதன்முதலாகத் திருமண மண்டபத்தில், நூறு கண்களுக்கு முன்னால் சோதித்துப் பார்க்காதீர்கள். பீரோவில் இருக்கும் உங்கள் பழைய பருத்திச் சேலைகளில் ஒன்றை வீட்டில் ஒரு நாள் உடுத்துங்கள். பிறகு அதே சேலையோடு வங்கிக்கோ கடைக்கோ சென்று வாருங்கள். உறுத்தினால் மடித்து வையுங்கள், உறுத்தாவிட்டால் பட்டைப் பற்றி யோசிக்கலாம். பொட்டு விஷயமும் அப்படியே. எதை முடிவு செய்தாலும், திருமணத்துக்கு முன்பே இருவரிடமும் நீங்களே சொல்லிவிடுங்கள். மண்டபத்து வாசலில் வைத்து விளக்கம் சொல்லும் நிலை வரக் கூடாது.

கேள்வி: பிரசவமாகி ஐந்து மாதங்கள் ஆகின்றன. திருமணத்துக்குத் தைத்த பிளவுஸ் எதுவும் பொருந்தவில்லை. பழைய உடம்பு வரும்வரை நைட்டியே போதும் என்கிறார் மாமியார். வெளியே போகவே மனமில்லை.
– ஒரு வாசகி, குளச்சல்

பதில்: பழைய உடம்பு வரும் நாள் என்று ஒன்றைக் குறித்து வைத்துக் காத்திருக்காதீர்கள், நைட்டி வசதிதான், ஆனால் அது வீட்டுக்குள்ளேயே இருத்தி வைக்கும் சீருடையாகிவிடக் கூடாது. நல்ல தையற்காரர் பிளவுஸின் பக்கவாட்டில் உள்ளே துணி விட்டு, இரண்டு மூன்று தையல் ஓட்டியிருப்பார். இறுக்கமான தையலைப் பிரித்தாலே ஓரளவு இடம் கிடைக்கும். கல்யாணப் பட்டு பிளவுஸை இப்போது தொட வேண்டாம். பாலூட்டுவதற்கு வசதியாக முன்பக்கம் கொக்கி வைத்த பருத்தி பிளவுஸ் இரண்டு மூன்று தைத்துக்கொண்டால் போதும். தைக்கக் கொடுக்கும்போது பழைய அளவு பிளவுஸைக் கொண்டு போகாமல், புதிதாக அளவெடுக்கச் சொல்லுங்கள்.