பழைய தார் ஜீப் வாங்கலாமா?

கேள்வி: மஹிந்திரா தார், ஃபோர் வீல் டிரைவ், பழைய வண்டி விலைக்கு வருகிறது. எதையெல்லாம் பார்க்க வேண்டும்?
– வாசகர், கொடைக்கானல்

பதில்: பெயின்ட் பளபளப்பை விடுங்கள், அடியில் படுத்துப் பாருங்கள். இரு பக்கச் சக்கரங்களுக்கும் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் முன், பின் டிஃபரன்ஷியல்களின் ஃபில்லர் பிளக்கை (ஆயில் ஊற்றும் துளையின் மூடி) கழற்றி, விரலால் ஆயிலைத் தொடுங்கள். மோர்போல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. பேரிங் செலவு காத்திருக்கிறது. சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துவிட்டு டிஃபரன்ஷியலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டான புரொப்பெல்லர் ஷாஃப்டைக் கையால் திருகுங்கள். அதன் முனை மூட்டான யுஜே கிராஸில் ஆட்டமே இருக்கக்கூடாது. சேஸிஸில் வெல்டிங் தழும்பு தெரிந்தால், விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம்.

பிறகு ஃபோர் ஹை, ஃபோர் லோ (நான்கு சக்கர இழுவையின் வேக கியர், மெதுவான கியர்) இரண்டையும் போட்டு, மண் தரையில் மட்டும் ஓட்டுங்கள். முன், பின் சக்கரங்களை வேறு வேறு வேகத்தில் சுற்றவிடும் நடு டிஃபரன்ஷியல் இல்லாத வண்டி. காய்ந்த தார்ச்சாலையில் வளைத்தால் ஷாஃப்டுகள் முறுக்கிக்கொள்ளும். முன்னும் பின்னும் வேறு வேறு அளவு டயர் இருந்தாலும் இதே பாதிப்புதான், முன்னுக்கும் பின்னுக்கும் சக்தியைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் சீக்கிரம் தேயும். ஆர்சியிலுள்ள சேஸிஸ் எண்ணை வண்டியோடு ஒப்பிட்ட பிறகே அட்வான்ஸ் கொடுங்கள்.