பாலைவனத்துக்கு சைக்கிள்: தண்ணீர் எவ்வளவு, எதில், என்ன விலைக்கு?

கேள்வி: டிசம்பர் கடைசியில் நானும் நண்பரும் ஜோத்பூரிலிருந்து பொக்ரான் வழியாக ஜெய்சால்மர், பிறகு ராம்கர், தனோட் வரை சைக்கிளில் போகிறோம். ஆளுக்கு எத்தனை லிட்டர் சுமப்பது? ஆன்லைனில் 10 லிட்டர் தண்ணீர்ப் பை ஒன்று பார்த்து வைத்திருக்கிறோம். வாங்கலாமா? (மஞ்சக்குப்பம், கடலூர்)

பதில்: பையை விடுங்கள், முதலில் வழியைப் பாருங்கள். ஒரு கடைக்கும் அடுத்த கடைக்கும் நடுவே இருக்கும் மிக நீண்ட இடைவெளிதான் நீங்கள் சுமக்க வேண்டிய அளவைச் சொல்லும். மொத்த தூரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஜோத்பூர் முதல் ஜெய்சால்மர் வரை ஏறத்தாழ 285 கி.மீ. நெடுஞ்சாலை, வழியெல்லாம் ஊரும் தாபாவும் உண்டு. அங்கே ஆளுக்கு 4 லிட்டர் போதும், கண்ட இடத்தில் நிரப்பிக்கொள்ளலாம். ராம்கர் தாண்டினால் கதை வேறு. தனோட் வரை 50 கி.மீ.க்கு மேல் கடையை நம்பக் கூடாது. எதிர்காற்று அடித்தால் அரை நாள் வேலை முழு நாளாகிவிடும். அந்தப் பகுதிக்கு, குளிர்காலக் கணக்கில், ஓட்டும்போது குடிக்க 4 லிட்டர், சமைக்கவும் இரவுக்கும் 2, தொடவே கூடாத கையிருப்பு 2, ஆக ஆளுக்கு 8 லிட்டர். இதே வழியை மே மாதத்தில் போக நினைத்தால் எங்கள் பதில் 'வேண்டாம்' என்பதுதான்.

உங்கள் உடம்பின் கணக்கைப் புறப்படும் முன்பே எடுத்துவிடலாம். ஒரு காலையில் எடை பார்த்துவிட்டு ஈ.சி.ஆரில் புதுச்சேரி பக்கம் ஒரு மணி நேரம் மிதியுங்கள். வேர்வையைத் துடைத்துவிட்டு அதே உடையில் மறுபடி எடை பாருங்கள். குறைந்த எடையோடு நடுவில் குடித்ததைக் கூட்டினால் அந்த ஒரு மணி நேர வேர்வை வந்துவிடும். 62.0 கிலோ 61.6 ஆகி, நடுவே அரை லிட்டர் குடித்திருந்தால் 0.9 லிட்டர். அங்கே குளிரில் இவ்வளவு போகாது. ஆனால் நம் கடற்கரைக்காரர்கள் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. இங்கே வேர்வை முதுகில் வழிகிறது, சட்டை ஒட்டுகிறது, உடனே தெரிந்துவிடும். அங்கே காற்று வறண்டது. வேர்க்க வேர்க்கக் காய்ந்துவிடும், சட்டை நனையாது. தொப்பியின் ஓரத்தில் வெள்ளையாக உப்புக் கோடு ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நிறைய வேர்த்திருக்கிறது என்று பொருள். சிறுநீர் அடர் மஞ்சளானால் குடித்தது பற்றவில்லை.

இனி பைக்கு வருவோம். 8 லிட்டர் என்றால் 8 கிலோ. அதை ஒரே பையில் கேரியர் மேல் வைத்தால் பாதி காலியானதும் தண்ணீர் அலைந்து, வளைவில் பின்சக்கரத்தை இழுக்கும். ஒரு முள் குத்தினால் அத்தனையும் மணலுக்குப் போய்விடும். பணத்தை மிச்சம் பிடியுங்கள். சோடா, கோலா வரும் 2 லிட்டர் பெட் பாட்டில்கள் வாயு அழுத்தத்தைத் தாங்கச் செய்தவை, சுவர் தடிப்பானது. தண்ணீர் விற்கும் பாட்டில் மெலிசு, கேரியரில் உரசி உரசி மடிப்பில் வெடிக்கும். மூன்று கோலா பாட்டில், சைக்கிள் ஃபிரேமில் ஒரு லிட்டர் பாட்டில் இரண்டு, கணக்கு முடிந்தது. பெரிய பாட்டில்களைச் சக்கர அச்சின் உயரத்துக்குத் தாழ்வாகப் பக்கவாட்டுப் பைகளில் வையுங்கள். கட்டுவதற்குப் பழைய டியூபை இரண்டு விரல் அகலத்துக்கு வெட்டிய பட்டை போதும். கொக்கி வைத்த எலாஸ்டிக் கயிறு குலுங்கக் குலுங்கக் கழன்றுவிடும். கேரியர் போல்ட்டுகளுக்கு நட்டு லாக் பசை ஒரு சொட்டு விட்டு இறுக்குங்கள். உபரி போல்ட் நான்கு கையில் இருக்கட்டும்.

கேள்வி: வடிகட்டி ஒன்று வாங்கினால் கிணற்றுத் தண்ணீரைக் குடித்துச் சமாளிக்கலாமா? (லாஸ்பேட்டை)

பதில்: கிருமிக்கு உதவும், உப்புக்கு உதவாது. நுண்குழல் வடிகட்டி பாக்டீரியாவை நிறுத்தும். கரைந்திருக்கும் உப்பும் ஃபுளோரைடும் அதற்குள் புகுந்து வந்துவிடும். மேற்கு ராஜஸ்தானின் நிலத்தடி நீரில் பல இடங்களில் இரண்டும் அதிகம். கொதிக்க வைத்தால் தண்ணீர் குறைந்து உப்பு இன்னும் அடர்த்தியாகும். ஊர்களில் கிடைக்கும் ஆர்.ஓ. தண்ணீரையோ, மழைநீரைத் தேக்கும் 'டாங்கா' தொட்டித் தண்ணீரையோ வீட்டுக்காரரிடம் கேட்டு எடுங்கள். டாங்கா தண்ணீருக்கு வடிகட்டியோ குளோரின் மாத்திரையோ கட்டாயம். மாத்திரை போட்டு 30 நிமிடம் பொறுக்க வேண்டும்.

கேள்வி: கடையில் ஓ.ஆர்.எஸ். என்று டெட்ரா பேக் ஜூஸ் விற்கிறார்கள். அதையே எடுத்துப் போகட்டுமா? (நெல்லிக்குப்பம்)

பதில்: வேண்டாம். பொட்டலத் தூள் வாங்குங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் சூத்திரப்படி ஒரு லிட்டருக்கு 20.5 கிராம்: குளுக்கோஸ் 13.5, உப்பு 2.6, டிரைசோடியம் சிட்ரேட் 2.9, பொட்டாசியம் குளோரைடு 1.5. பின்பக்கத்தில் இந்த எண்கள் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். இனிப்புப் பானங்கள் ஓ.ஆர்.எஸ். பெயரில் விற்பதை மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. 2025 அக்டோபரில் தடுத்தது. பழைய சரக்கு வந்தால் ஏமாறாதீர்கள். ஒரு நாளைக்கு ஒரு பொட்டலம், சரியாக ஒரு லிட்டரில். அரை லிட்டரில் கரைத்தால் உப்பு இரட்டிப்பாகி வயிற்றைக் கெடுக்கும். வெறும் தண்ணீரையே லிட்டர் லிட்டராகக் குடிப்பதும் ஆபத்து, ரத்தத்தில் சோடியம் இறங்கித் தலைவலி, வாந்தி வரும். இரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது.

சாப்பாட்டுக்கும் இங்கேயே வாங்கிப் போகலாம். பண்ருட்டி முந்திரி 100 கிராமில் ஏறக்குறைய 550 கலோரி, சமைக்கத் தண்ணீரே வேண்டாம். கெட்டி அவலைக் கொஞ்சம் தண்ணீர் தெளித்து ஊறவிட்டு வெல்லம் சேர்த்தால் காலைச் சாப்பாடு முடிந்தது. அடுப்புக்கான கேஸ் குப்பியை விமானத்திலும் ரயிலிலும் கொண்டுபோக விடமாட்டார்கள்.

கேள்வி: சுற்றுலா இடங்களில் தண்ணீர் பாட்டிலுக்கு அச்சிட்ட விலைக்கு மேல் கேட்டால்? (முத்தியால்பேட்டை)

பதில்: கடைக்காரர் எம்.ஆர்.பி.க்கு மேல் கேட்கக் கூடாது. பில்லும் பாட்டிலின் படமும் வைத்துக்கொண்டு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லுங்கள். ஹோட்டலில் உட்கார்ந்து பரிமாறினால் அந்த விதி பொருந்தாது, உச்ச நீதிமன்றம் 2017இல் அப்படித்தான் சொல்லியிருக்கிறது. பணம் கொடுக்கும் முன் மூடி வளையம் அறுபடாமல் இருக்கிறதா, 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண்ணும் தேதியும் இருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: பஞ்சருக்கு என்னென்ன வாங்க வேண்டும்? (சிதம்பரம்)

பதில்: நம்மூர் நெருஞ்சியும் சீமைக்கருவேலமும் அங்கேயும் உண்டு. டியூப் மூன்று, ஒட்டு பத்து, முள் பிடுங்க ஒரு சின்ன சாமணம். டயருக்குள் விரலை ஓட்டி முள்முனையை எடுக்காமல் புது டியூப் போட்டால் அடுத்த கிலோமீட்டரில் மறுபடி இறங்கும். வால்வு விஷயத்தில் கவனம் வேண்டும். மெல்லிய பிரெஸ்டா வால்வுக்கு சாலையோர பைக் பஞ்சர் கடையின் பம்பு பொருந்தாது. ரிம் துளை அகலமாக இருந்தால் பைக்கில் வரும் ஷ்ரேடர் வால்வு டியூபே வாங்குங்கள். இல்லையென்றால் இரண்டு அடாப்டர். செயினுக்கு வழக்கமான எண்ணெய் விட்டால் மணல் ஒட்டிக்கொண்டு அரைத்துவிடும். மெழுகு வகை உலர் லூப் (மணல் ஒட்டாத செயின் மசகு) வாங்கி, மாலையில் துணியால் துடைத்த பிறகே விடுங்கள்.