பால்கனிக் கொடிகள்: கேள்வியும் பதிலும்

கேள்வி: அக்கா, ஹோயா என்கிற மெழுகுப்பூக் கொடி வாங்கி இரண்டு வருஷம் ஆகிறது. இலை பளபளவென்று இருக்கிறது, நீளமாக ஒரு கொடி மொட்டையாக ஓடுகிறது, பூ மட்டும் இல்லை. அந்தக் கொடியை வெட்டிவிடலாமா?

பதில்: ஐயோ, வெட்டாதீர்கள். அந்த மொட்டைக் கொடியில்தான் பின்னால் இலையும் பூவும் வரும். தொட்டி எங்கே இருக்கிறது? ஹால் மூலையில் டிவி பக்கத்தில் என்றால் பத்து வருஷமானாலும் இலைதான். கிழக்கு ஜன்னலோரம் மாற்றுங்கள், காலை வெயில் கொஞ்ச நேரம் படட்டும். காட்டில் இது மரத்தைப் பற்றி ஏறுகிற கொடி, வேருக்குக் காற்று வேண்டும், அதனால் வெறும் செம்மண்ணைப் போட்டு அமுக்காமல் தேங்காய் மட்டைத் துண்டும் கரியும் கலந்து, மண் நன்றாகக் காய்ந்த பிறகே தண்ணீர் விடுங்கள். பெரிய தொட்டிக்கும் அவசரப்பட வேண்டாம். அப்புறம் முக்கியமான ஒன்று, பூ உதிர்ந்த காம்பைக் கிள்ளாதீர்கள், அடுத்த கொத்தும் அதே காம்பில்தான் வரும். சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று நான் ஒருமுறை எல்லாக் காம்பையும் நறுக்கிவிட்டு ஒரு வருஷம் காத்திருந்தேன்!

கேள்வி: இதய வடிவ இலை ஒன்றை மட்டும் சின்னத் தொட்டியில் நட்டு விற்கிறார்களே, கொடி ஆகுமா?

பதில்: அதுவும் ஹோயாதான், கெர்ரி என்ற வகை. தண்டின் கணு இல்லாமல் வெறும் இலையை நட்டிருந்தால் வேர் விடும், வருஷக்கணக்கில் பச்சையாகவே நிற்கும், கொடி வராது. கணு இருக்கிறதா என்று பார்த்துக் காசு கொடுங்கள்.

கேள்வி: ரங்கூன் மல்லியில் ஒரே கொத்தில் வெள்ளை, ரோஸ், சிவப்பு. ஒட்டுக்கட்டியது என்று சொல்லிக் கூடுதல் விலைக்கு விற்றார்கள், உண்மையா மேடம்?

பதில்: உங்களை நன்றாக ஏமாற்றியிருக்கிறார்கள். சாயங்காலம் வெள்ளையாக விரியும், மறுநாள் ரோஸ், அதற்கடுத்த நாள் சிவப்பு, அவ்வளவுதான். வெள்ளையைத் தேடி இரவில் அந்துப்பூச்சி வரும், நிறம் ஏறிய பிறகு பகலில் தேனீயும் வண்ணத்துப்பூச்சியும்.

கேள்வி: கனடாவிலிருந்து கேட்கிறேன். குளிர்காலத்தில் குண்டுமல்லி இலையைக் கொட்டுகிறது, செத்துவிடுமா?

பதில்: கிளையை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள், பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. தெற்கு ஜன்னலில், ஹீட்டர் காற்று நேராக அடிக்காத இடத்தில் வையுங்கள். உரத்தை நிறுத்தி, தண்ணீரையும் குறைத்துவிடுங்கள். குளிர்காலம் முடியும்போது கிளைகளை வெட்டிக் கவாத்து செய்யுங்கள், புதுத் துளிரின் நுனியில்தான் மொட்டு வைக்கும்.

கேள்வி: கணுவில் பஞ்சு மாதிரி வெள்ளையாக ஒட்டியிருக்கிறதே?

பதில்: மாவுப்பூச்சி. ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், சில சொட்டு சோப்புக் கரைசல், நன்றாகக் கலக்கிச் சாயங்காலத்தில் வாரம் ஒருமுறை அடியுங்கள். எறும்பையும் விரட்டுங்கள், இந்தப் பூச்சிக்குக் காவல்காரனே அதுதான்.

கேள்வி: காகிதப்பூவை ஹாலில் வைக்கலாமா?

பதில்: வைக்கலாம். பூ மட்டும் கேட்கக் கூடாது.