ரேங்க் வருகிறது, பேச்சுத்துணை இல்லை

கேள்வி: என் மகளுக்கு 12 வயது, ஏழாம் வகுப்பு. முதல் மூன்று ரேங்குக்குள் வந்துவிடுவாள். ஆனால் இடைவேளையில் தனியாக உட்கார்ந்திருக்கிறாளாம். நாலு பேர் சேர்ந்து செய்யும் புராஜெக்டில் மற்றவர்கள் சொல்வதையெல்லாம் திருத்துகிறாளாம். ‘எல்லோரோடும் பழகு’ என்று நாங்கள் சொல்லாத நாளில்லை. என்ன செய்வது?
- வாசகி, திருச்சி

பதில்: நீங்கள் சொல்வது ஒன்று, உங்களுக்கு எது முக்கியம் என்று அவள் புரிந்துவைத்திருப்பது வேறாக இருக்கலாம். அமெரிக்காவில் உளவியலாளர் சுனியா லூதர் குழுவினர் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் 506 பேரிடம் ஆறு விஷயங்களைக் கொடுத்து, பெற்றோருக்கு எவை முக்கியம் என்று கேட்டார்கள். மூன்று படிப்பும் முன்னேற்றமும் பற்றியவை, மூன்று பிறரிடம் காட்டும் கனிவு பற்றியவை. ‘அம்மா அப்பாவுக்குச் சாதனைதான் பெரிது’ என்று நினைத்த பிள்ளைகளிடம் மனச்சோர்வும் பதற்றமும் கூடுதல், மதிப்பெண்ணும் குறைவு. எது காரணம், எது விளைவு என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் வீட்டில் செய்துபார்க்கத் தக்க சோதனை. இதேபோல் ஆறு சீட்டு எழுதி மகளை அடுக்கச் சொல்லுங்கள். அடுக்கியதும் ‘அப்படியெல்லாம் இல்லையே’ என்று மறுக்காதீர்கள். மறுத்தால் அடுத்தமுறை உங்களுக்குப் பிடித்த வரிசையில் அடுக்கிவிடுவாள்.

பள்ளி விட்டு வந்ததும் நீங்கள் கேட்கும் முதல் கேள்வி எது? ‘டெஸ்ட்ல எவ்வளவு, அவளுக்கு எவ்வளவு?’ என்றால், தோழியாக வேண்டியவள் போட்டியாளர் ஆகிவிடுகிறாள். மகள் திருத்துவதும் திமிரால் அல்ல. சரியாகச் சொன்னால்தான் மதிப்பு என்று பழகியிருக்கிறாள். அந்த ஒப்பீட்டுக் கேள்வியை இன்றே நிறுத்துங்கள்.

‘பழகு’ என்றால் எப்படி என்று அவளுக்குத் தெரியாது. செய்முறையாகச் சொல்லிக்கொடுங்கள்: கூட்டத்தின் அருகே போய் நின்று ஓரிரு நிமிடம் கவனிக்க வேண்டும், பேச்சு ஓயும் இடத்தில், அவர்கள் பேசுவதையே ஒட்டி ஒரு வரி சொல்ல வேண்டும். தன்னைப் பற்றித் தொடங்குவதும் தப்பைச் சுட்டுவதும்தான் கதவைச் சாத்திவிடும். வீட்டில் நீங்களும் அவள் அப்பாவுமாக நடித்துப் பழக்குங்கள், ஐந்து நிமிடம் போதும். சனிக்கிழமை ஒரே ஒரு தோழியை இரண்டு மணி நேரம் வரச் சொல்லுங்கள். பலகாரத்தைக் கொடுத்துவிட்டு அந்த அறையை விட்டு வந்துவிடுங்கள். ‘எத்தனை பேர் ஃப்ரெண்ட்ஸ் ஆனாங்க?’ என்று மட்டும் கணக்குக் கேட்காதீர்கள். அது இன்னொரு ரேங்க் ஷீட். நெருக்கமான தோழி ஒருத்தி போதும். தனிமை பிடித்தே உட்காரும் பிள்ளைகளும் உண்டு. அவளுக்கு அது வருத்தமா என்று முதலில் கேளுங்கள்.

காலையில் வயிற்றுவலி, பள்ளிக்குப் போக மறுப்பு என்று இரண்டு வாரம் தொடர்ந்தால் பயிற்சியோடு நிற்காதீர்கள். யாராவது சீண்டுகிறார்களா என்று வகுப்பாசிரியையிடம் விசாரியுங்கள், மருத்துவரிடமும் காட்டுங்கள்.