டர்க்கி கிளப் சாண்ட்விச்: கொழுப்பு குறைவுதான், உப்பு?

கேள்வி: எனக்கு வயது 54. இனிப்புநீரும் ரத்த அழுத்தமும் இருக்கின்றன. மெட்ஃபார்மின், அம்லோடிபின் சாப்பிடுகிறேன். எங்கள் பட்டணத்தில் புதிதாகத் திறந்த கஃபேயிலிருந்து மகள் ஞாயிறுதோறும் டர்க்கி கிளப் சாண்ட்விச் வாங்கி வருகிறாள். வான்கோழியில் கொழுப்பே இல்லை, ரொட்டி சானாயைவிட நல்லது என்கிறாள். ஆனால் மறுநாள் காலையில் கணுக்கால் வீங்கியிருக்கிறது. சாப்பிடலாமா டாக்டர்?
- வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: வான்கோழியைப் பற்றி உங்கள் மகள் சொல்வது சரிதான். தோல் நீக்கி ஓவன் அடுப்பில் வாட்டிய வான்கோழி நெஞ்சுக்கறி 100 கிராமில் ஏறக்குறைய 30 கிராம் புரதம் இருக்கிறது. கொழுப்பு 2 கிராம், கலோரி 150. கோழியின் நெஞ்சுக்கறியும் ஏறத்தாழ இப்படித்தான்.

ஆனால் சாண்ட்விச்சுக்குள் இருப்பது பெரும்பாலும் அந்தக் கறி அல்ல, பாக்கெட்டில் வரும் டர்க்கி ஹேம். கறிக்குள் உப்புத் தண்ணீரும் பாஸ்பேட்டும் நைட்ரைட்டும் ஏற்றி, அச்சில் அழுத்தி வேகவைத்து, மெல்லியதாகச் சீவுகிறார்கள். தண்ணீர் சேர்வதால் 100 கிராமில் புரதம் 17 கிராம் அளவுக்கு இறங்கிவிடும். உப்பில் உள்ள சோடியமோ 100 மில்லிகிராமிலிருந்து 900, 1000 என்று ஏறும். நாக்குக்கு இவ்வளவு உப்பு தெரியாது, அதுதான் சிக்கல்.

மற்றதையும் கூட்டிப் பாருங்கள். கிளப் சாண்ட்விச் என்றாலே மூன்று துண்டு ரொட்டி. அதிலேயே 240 கலோரி, 40 கிராமுக்கு மேல் மாவுச்சத்து, 400 மில்லிகிராம் சோடியம். ஹேம் 80 கிராம் என்றால் சோடியம் 700க்கு மேல். மயோனிஸ் இரண்டு மேசைக்கரண்டிக்கு 190 கலோரி, கிட்டத்தட்ட முழுவதும் எண்ணெய். பேக்கன் இரண்டு துண்டு, அது மாடோ வான்கோழியோ, இன்னொரு 300 மில்லிகிராம் சோடியம். மொத்தத்தில் 600 கலோரி, 1,600 மில்லிகிராம் சோடியம். ஒரு நாள் முழுவதற்கும் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் உச்சவரம்பே 2,000தான். சீஸும் பொரித்த முட்டையும் சேர்ந்தால் 700 கலோரியைத் தாண்டும். பக்கத்தில் வைக்கும் உருளைக்கிழங்குப் பொரியல் 100 கிராமுக்கு 300 கலோரி, தனிக் கணக்கு.

ரொட்டி சானாய் ஒன்று 300 கலோரி. ஆக, பொரியல் இல்லாத ஒரு சாண்ட்விச், இரண்டு ரொட்டி சானாய்க்குச் சமம். புரதத்தில் சாண்ட்விச் ஜெயிக்கும், மறுக்கவில்லை. பாலும் சீனியும் கலந்த தே தாரேக்கோடு சாப்பிட்டால் அந்த ஆதாயமும் போய்விடும். பாலும் சீனியும் இல்லாத தே ஓ கோசோங் குடியுங்கள்.

கால் வீக்கத்துக்கு வருவோம். உப்பு கூடினால் உடம்பு தண்ணீரைப் பிடித்து வைக்கும், வீக்கம் வரலாம். ஆனால் அம்லோடிபின் மாத்திரையாலும் கணுக்கால் வீங்கும். இனிப்புநீர் உள்ளவர்களுக்குச் சிறுநீரகப் பாதிப்பும் காரணமாக இருக்கலாம். எனவே சாண்ட்விச் மேல் மட்டும் பழியைப் போட்டுவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். கிளினிக்கில் சிறுநீரில் புரதம் போகிறதா என்றும், ரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வடிகட்ட வேண்டிய கழிவு) எவ்வளவு என்றும் பார்க்கச் சொல்லுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, படுத்தால் மூச்சு வாங்கினாலோ அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

மகளிடம் வீட்டில் செய்யச் சொல்லலாம். ஹோல்மீல் ரொட்டி இரண்டே துண்டு. பழுப்பு நிறத்தை நம்பாதீர்கள், பொருள் பட்டியலில் முதலில் முழுக்கோதுமை மாவு இருக்கிறதா என்று பாருங்கள். டர்க்கி தேடி அலைய வேண்டியதில்லை. தோலில்லாத கோழி நெஞ்சுக்கறி 70 கிராம், மிளகும் மஞ்சளும் போட்டு ஆவியில் வேகவைத்து, ஆறிய பிறகு நாருக்குக் குறுக்கே சீவுங்கள். சூட்டோடு வெட்டினால் சாறு வடிந்து கறி வறண்டுபோகும், பிறகு மயோனிஸை அள்ளிப் போடத் தோன்றும். ஒரு தேக்கரண்டி மயோனிஸோடு ஒரு மேசைக்கரண்டி தயிர், லீமாவ் கஸ்தூரி (சிறு எலுமிச்சை வகை) சாறு, மிளகுத்தூள். அவித்த முட்டை ஒன்று. தக்காளியின் விதைச் சதையை எடுத்துவிட்டால் ரொட்டி ஊறாது. வெள்ளரியும் சாலட் இலையும் தாராளமாக. இது 400 கலோரிக்குள் அடங்கும், புரதம் 35 கிராம், சோடியம் 450 மில்லிகிராம் அளவில். சில்லி சாஸ் ஊற்றினால் உப்பும் சீனியும் திரும்ப வந்துவிடும்.

தோட்டத்து வேலைக்குக் கட்டிக்கொண்டு போகிறவர்கள் ஐஸ் பை இல்லாமல் கொண்டுபோக வேண்டாம். நம் ஊர் வெயில் 32 டிகிரியைத் தாண்டும்போது கறியும் முட்டையும் வெளியில் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கக்கூடாது.

கஃபேயில்தான் வேண்டும் என்றால் மாதம் ஒரு முறை போதும். பேக்கன் வேண்டாம், நடு ரொட்டி வேண்டாம், மயோனிஸ் தனியாக என்று சொல்லி வாங்கி, பாதியை மகளுக்குக் கொடுங்கள். பதப்படுத்திய இறைச்சியை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களில் சேர்த்தது. தினம் 50 கிராம் தின்றால் பெருங்குடல் புற்றுநோய் அபாயம் 18 விழுக்காடு கூடும் என்பது அதன் கணக்கு. வான்கோழி ஹேமும் அந்த வகைதான்.

அன்று ரத்தச் சீனியைச் சோதிக்கிறீர்கள் என்றால், முதல் வாய் வைத்த நேரத்திலிருந்து இரண்டு மணி நேரம் கழித்துப் பாருங்கள், பெரும்பாலோருக்கு லிட்டருக்கு 8.5 மில்லிமோலுக்குள் இருக்க வேண்டும். மயோனிஸ் போன்ற கொழுப்பு செரிமானத்தைத் தாமதப்படுத்துவதால், கடைச் சாண்ட்விச் சாப்பிட்ட நாளில் நான்காவது மணி நேரத்திலும் ஒரு முறை குத்திப் பார்த்து, இரண்டு எண்களையும் குறித்து, அடுத்த முறை கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள்.